சத்தம் எங்கே என்று தெரியாமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள்

செங்கோட்டை, குண்டாறு, மேக்கரை, குற்றாலம் பக்கம் போர் வீல் ஜீப் ஓட்டும் தம்பிமார்களுக்கும், அவர்களுக்கு வண்டி பார்த்துக் கொடுக்கும் பட்டறை நண்பர்களுக்கும்,



ஆரியங்காவுக் கணவாயில் காற்று மாறிவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் சாரல் இறங்கும், ஐந்தருவியில் கூட்டம் நிற்கும், குண்டாறு அணை நிறையும். 36 அடிச் சின்ன அணை என்பதால் நம் மாவட்டத்தில் பெரும்பாலும் முதலில் மறுகால் பாய்வது அதுதான். அணை நிறைந்த செய்தி பேப்பரில் வந்த மறுநாளிலிருந்து உங்கள் வண்டிகளுக்கு ஓய்வு கிடையாது. மேலே நெய்யருவிப் பக்கம் போகிற பாதையில் கல்லும் சேறும் ஓடையுமாக, ஏற்றமும் இறக்கமுமாக, எத்தனை நடை போனோம் என்று எண்ணக்கூட நேரம் இருக்காது. அதனால்தான் இதை இப்போதே எழுதுகிறேன். ஆனி, ஆடியில் நான் என்ன சொன்னாலும் "சீசன் முடியட்டும் அண்ணாச்சி, பாத்துக்கிடலாம்" என்றுதான் பதில் வரும்.

சொல்ல வந்தது ஒன்றுதான். வண்டியின் அடியில் சத்தம் கேட்டால், அது எங்கிருந்து வருகிறது என்று தெரியும்வரை ஒரு சாமானையும் கழற்றாதீர்கள், ஒரு சாமானையும் வாங்காதீர்கள். "கிரவுன் போயிருச்சு அண்ணாச்சி, செட்டு மாத்திருவோம்" என்ற முடிவோடுதான் பலரும் பட்டறைக்குள் நுழைகிறீர்கள். ஸ்டாண்டில் யாரோ காது கொடுத்துக் கேட்டுச் சொன்னதாக இருக்கும். கிரவுன் பினியன் செட்டு ஒரு சீசன் சம்பாத்தியத்தில் பெரிய துண்டை எடுத்துக்கொள்ளும். அதை மாற்றிய பிறகும் அதே ஊளைச் சத்தத்தோடு மலையேறுகிற தம்பிகளைப் பார்த்து மனசு பொறுக்காமல் இந்த மடலை எழுதுகிறேன்.

நம் வண்டிகள் எந்த வழி வந்தவை என்பதை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். 1940-களின் இறுதியில் பம்பாயில் மகிந்திரா வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கியது. பிறகு வந்த எம்.எம். 540, கமாண்டர், மேஜர் எல்லாம் அந்த வம்சம்தான். 1985-ல் மாருதி ஜிப்சி வந்தது. இன்றைய தார், ஜிம்னி வரை அடிப்படை ஏற்பாடு ஒன்றே: கியர் பாக்ஸுக்குப் பின்னால் ஒரு டிரான்ஸ்பர், அதிலிருந்து முன்னால் ஒரு பிரப்பல்லர் ஷாப்ட், பின்னால் ஒரு ஷாப்ட், இரண்டு பக்கமும் கிரவுனும் பினியனும் உள்ள ஹவுசிங். பழைய வண்டியில் கொஞ்சம் இரைச்சல் பிறவிக்குணம். புது வண்டியில் உட்கார்ந்துவிட்டு வந்து அதைக் குறை சொல்லக்கூடாது. நேற்றுவரை இல்லாத சத்தம் இன்று கேட்கிறதா என்பதுதான் கேள்வி. உங்கள் வண்டி எப்படிப் பேசும் என்று உங்களைவிட நன்றாக எந்த மெக்கானிக்குக்கும் தெரியாது.

ஸ்பேனரை எடுக்குமுன் முதலில் பார்க்க வேண்டியது போர் வீல் லிவரை. மலையிலிருந்து இறங்கி அணைப் பக்கம் தார்ச்சாலைக்கு வந்த பிறகும் போர் வீலிலேயே ஓட்டுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். வளைவில் முன் சக்கரம் போகிற வட்டம் பெரியது, பின் சக்கரத்தின் வட்டம் சிறியது. முன்னச்சு அதிக தூரம் உருள வேண்டும். ஆனால் நம் வண்டிகளில் நடுவில் டிபரன்ஷியல் கிடையாது. போர் வீல் போட்டால் இரண்டு ஷாப்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். சேற்றிலும் ஜல்லியிலும் ஏதாவதொரு சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க இடமில்லை. முறுக்கு ஷாப்டிலும் கியரிலும் ஏறிக்கொண்டே போகும். ஸ்டியரிங் கனக்கும், டயர் கீச்சிடும், திடீரென்று அடியில் 'டொக்' என்று உதைக்கும், லிவர் திரும்பி வராது. இதற்குப் பட்டறை வேண்டாம். நேராக நாலடி ரிவர்ஸ் எடுங்கள், முறுக்கு அவிழும், லிவர் வந்துவிடும். இதை உடைசல் என்று நினைத்து டிரான்ஸ்பரைப் பிரித்துப் பார்த்த கதைகளும் உண்டு.

லிவர் சரியாக இருந்தும் சத்தம் வருகிறதா? அப்போது விடியற்காலையில், சாலை காலியாக இருக்கும்போது, இரண்டு பேராகக் கிளம்புங்கள். ஒருவர் ஓட்டட்டும், ஒருவர் பின்னால் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்ளட்டும். பாட்டுப் பெட்டியை அணையுங்கள். தளர்ந்த ஜாக்கி, ஸ்டெப்னி, தார்ப்பாய்க் கம்பி எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிக் கேளுங்கள். வேகமும் கியரும் சாலையும் ஒன்றாக மாறினால் எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது.

நமக்குக் கிடைத்த வசதி, மலையேறும் புளியரைச் சாலை. வேறு ஊர்க்காரர்கள் இப்படி ஒரு பரிசோதனைக் களத்துக்கு எங்கே போவார்கள்? ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்து ஏறும்போது ஊளை, காலை எடுத்தால் அமைதி என்றால், சத்தம் பாரத்தோடு மாறுகிறது. பினியன், கிரவுன் பற்களைச் சந்தேகப்படலாம். ஏறும்போது பல்லின் ஒரு பக்கம் அழுந்துகிறது; கியரில் இறங்கும்போது மறுபக்கம் அழுந்துகிறது. எந்தப் பக்கத்தில் ஊளை என்பதைக் குறித்துவைத்தால் பிறகு ஷிம் தகடு வைக்கிற மெக்கானிக்குப் பாதி வேலை முடிந்தது. ஏறினாலும் இறங்கினாலும், மிதித்தாலும் விட்டாலும், வேகத்தோடு மட்டும் கூடிக்குறைகிற உறுமல் என்றால் பேரிங் பக்கம் பாருங்கள். அங்கேயே எஸ் வளைவு இருக்கிறது. வலப்பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் இடச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. அப்போது உறுமல் கூடினால் இடப்பக்க ஹப் பேரிங், இடப்பக்கம் திரும்பும்போது கூடினால் வலப்பக்கம். வழக்கமான வேகத்திலேயே இது காதுக்குத் தெரியும். கல் லோடு லாரிகள் வரிசையாக ஏறிக்கொண்டிருக்கிற இடத்தில் வண்டியை ஆட்டிப் பார்க்கிற வேலையெல்லாம் வேண்டாம்.

சாலை மாறினால் சத்தமும் மாறுகிறதா என்பது அடுத்த கேள்வி. புதுத் தாரில் ஒரு மாதிரி, பழைய சிமெண்ட் ரோட்டில் வேறு மாதிரி என்றால் அது டயர். ஹவுசிங்குக்குச் சாலை எது என்று தெரியாது. ரீபட்டன் டயர் இரண்டு, மண்பாதை டயர் இரண்டு என்று போட்டுக்கொண்டு வந்து, கிரவுனைக் குற்றம் சொல்லாதீர்கள். இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நாலு டயரும் ஒரே சுற்றளவில் இல்லையென்றால் போர் வீலில் நேர்ச்சாலையில்கூட முறுக்கு ஏறும். அளப்பது எளிது. டயரில் தரையைத் தொடும் இடத்தில் ஒரு சாக்பீஸ் கோடு, தரையில் ஒரு கோடு. வண்டியைத் தள்ளி, டயர்க் கோடு மறுபடி தரையைத் தொடும் இடத்தில் இன்னொரு கோடு. டேப்பை வைத்து நாலு சக்கரத்துக்கும் அளந்து எழுதுங்கள். காற்று ஒரே அளவில் இருக்க வேண்டும், அது முக்கியம்.

இனி முன்னாலா பின்னாலா என்று பிரிக்க வேண்டும். ஃப்ரீவீல் ஹப் உள்ள வண்டியில் ஹப்பைத் திறந்துவிட்டு ஓட்டினால் முன் ஷாப்டும் முன் ஹவுசிங்கும் சுற்றாது. சத்தம் நின்றால் முன்பக்கம்தான். ஹப் இல்லையென்றால் டூ வீலில் ஓட்டினாலும் முன்பக்கம் எல்லாம் சும்மா சுற்றிக்கொண்டுதான் இருக்கும், பலருக்கு இது தெரிவதில்லை. அப்போது முன் ஷாப்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். சத்தம் அப்படியே இருந்தால் முன் ஷாப்ட் காரணமில்லை; அதைப் பூட்டி, பின் ஷாப்டைக் கழற்றி, போர் வீல் போட்டு முன் சக்கரத்தில் மட்டும் மெதுவாக ஓட்டலாம். இதற்குமுன் ஒரு எச்சரிக்கை: வில்லிஸ் வழி வந்த பழைய ஜீப்புகளில் கைப்பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்பருக்குப் பின்னால் டிரம்மில் இருக்கிறது. பின் ஷாப்டைக் கழற்றினால் கைப்பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் உறவு அறுந்துவிடும். சரிவில் நிறுத்தினால் வண்டி உருளும். கட்டை வைக்காமல் அடியில் படுக்கவே கூடாது.

கியர் பாக்ஸா டிரான்ஸ்பரா என்ற சந்தேகத்துக்கு நின்ற இடத்திலேயே பதில் கிடைக்கும். டிரான்ஸ்பர் லிவரை நியூட்ரலில் வைத்து, கியர் பாக்ஸில் மூன்றாவது போட்டுக் கிளட்சை விடுங்கள். வண்டி நகராது. சத்தம் கேட்டால் கியர் பாக்ஸ் அல்லது டிரான்ஸ்பரின் முன்பாதி, கேட்காவிட்டால் அதற்குப் பின்னால் உள்ளவை. கிளட்சை அழுத்தும்போது மட்டும் கீச்சென்றால் ரிலீஸ் பேரிங். அது தனிக் கதை.

ஜாக்கி விஷயத்தில் கெஞ்சியே கேட்கிறேன். பின் சக்கரங்களை மட்டும் ஸ்டாண்டில் ஏற்றி, போர் வீல் விழுந்திருப்பதைக் கவனிக்காமல் கியர் போட்டால், தரையில் இருக்கும் முன் சக்கரம் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இழுத்துக்கொண்டு போகும். அடியில் திருப்புளியைக் காதில் வைத்துப் படுத்திருப்பவன் கதி என்ன ஆகும்? சுற்ற வைத்துக் கேட்பதானால் நாலு சக்கரமும் தரையை விட்டு எழும்பியிருக்க வேண்டும், நாலு ஸ்டாண்டும் உறுதியான தரையில் நிற்க வேண்டும். மண் தரையில் கல்லை அடுக்கி முட்டுக் கொடுப்பது கூடவே கூடாது.

காதுக்கு ஒரு கணக்கும் உண்டு. பழைய வில்லிஸ் வகை ஹவுசிங்கில் கிரவுனுக்கு 43 பல், பினியனுக்கு 8 பல். சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது ஷாப்ட் ஐந்தேகால் சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். நடை வேகத்தில் ஒருவர் வண்டியோடு கூடவே நடந்து கேட்கட்டும். சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு தட்டு என்றால் டயர், ஹப் அல்லது கிரவுனில் ஒரு பல். ஒரு சுற்றுக்கு ஐந்தாறு தட்டு என்றால் பினியன் அல்லது ஷாப்ட். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், பொறுமை வேண்டும்.

ஷாப்ட் என்றதும் கிராஸ் ஜாயிண்ட். நம் பாதையில் முதலில் சாகிற சாமான் இதுதான். மெதுவாகப் போகும்போது 'கீச்… கீச்…' என்று தாளத்தோடு வந்தால் கிரீஸ் காய்ந்துவிட்டது. முன்னே போய் ரிவர்ஸ் போடும்போது 'டக்' என்றால் பிளே வந்துவிட்டது. கீழே குனிந்து பாருங்கள். கிராஸின் மூடியைச் சுற்றிச் செங்காவி நிறத்தில் மெல்லிய பொடி படிந்திருக்கும். விரலால் துடைத்தால் வந்துவிடும், ஒரு நடை போய்வந்தால் மறுபடி படியும். சேறு என்று அதை விட்டுவிடாதீர்கள். உள்ளே இருக்கிற ஊசி பேரிங்குகள் துருவாகி, அரைபட்டு வெளியே வந்த தூள் அது. கிரீஸ் கன்னை வைத்து அடித்தால் நாலு மூடியிலும் பழைய கிரீஸ் பிதுங்கி வர வேண்டும். ஒரு மூடியில் வராவிட்டால் அந்தப் பக்கம் அடைத்திருக்கிறது, கிராஸை மாற்றுங்கள்.

போன சீசனில் ஒரு தம்பியின் வண்டி இப்படித்தான். வெளியூர்ப் பட்டறை ஒன்றில் கிரவுன் செட்டு மாற்றியாயிற்று, ஹப் பேரிங்கும் மாற்றியாயிற்று. ஓரளவு வேகம் எடுத்தால் தரை முழுக்க அதிர்வும் ஒரு ஹூங்காரமும் மட்டும் போகவே இல்லை. அடியில் படுத்துப் பார்த்தபோது ஹவுசிங்கைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. ஷாப்டின் நடுவே நீண்டு சுருங்குகிற ஸ்பிளைன் இருக்கிறதல்லவா, அதைக் கழற்றிப் பூட்டும்போது வேறு பல்லில் மாட்டியிருந்தார்கள். இரண்டு முனையிலும் உள்ள கிராஸ் கைகள் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். அதற்காகத்தான் கம்பெனியில் அம்புக்குறி குத்தி அனுப்புகிறார்கள். சேற்றுக்கும் பெயின்டுக்கும் அடியில் அந்தக் குறி மறைந்து கிடந்தது. குறியைச் சேர்த்துப் பூட்டினோம், சத்தம் போயிற்று. சாமான் செலவு ஒரு காசும் இல்லை.

இனி ஆயில். இந்த ஊரில் ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்கிறவற்றில் இதுதான் தலையாயது. ஏற்றம் ஏறிச் சூடான ஹவுசிங்கை நேராக ஓடையில் இறக்குகிறோம். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் உள்ளே இருக்கிற காற்று சுருங்குகிறது. சுருங்கினால் வெளியிலிருந்து எதையாவது உறிஞ்சத்தானே வேண்டும்? ஹவுசிங்கின் மூச்சுத் துளையான பிரீதர் வழியாக, தேய்ந்த ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். ஒரு சீசனில் இது எத்தனை முறை நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். தண்ணீர் கலந்த கியர் ஆயில் டீக்கடை டீயின் நிறத்துக்கு வந்துவிடும். அந்த ஆயில் பல்லின் மேல் படலமாக நிற்காது. முதலில் பினியன் பேரிங் துரு ஏறும், பிறகு உறுமும், பிறகு பினியன் ஆட ஆரம்பித்துக் கிரவுன் பல்லைத் தின்னும். கிரவுன் செட்டு பாழாவதற்கு நம் பக்கம் பெரும்பாலும் ஆரம்பம் ஒரு சின்னச் சீலும் அடைத்துப்போன பிரீதரும்தான்.

வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு, அடிப் பிளக்கை மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் கனமானது, அடியில் தங்கியிருக்கும். முதலில் சொட்டுவது தண்ணீரா ஆயிலா என்று அங்கேயே தெரிந்துவிடும். வந்த ஆயிலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேயுங்கள். பிறகு வெயிலில் பிடித்துப் பாருங்கள். விரலில் சாம்பல் நிறத்தில் மை மாதிரி ஒட்டினால் வழக்கமான தேய்மானம், பயப்பட வேண்டாம். மினுமினுவென்று சின்னச் சின்னச் செதில் தெரிந்தால் பேரிங் உரிகிறது. நகத்தில் எடுக்கிற அளவுக்குத் துண்டு வந்தால் அன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள்.

ஹவுசிங்குக்கு ஜி.எல்.5 வகை 90 ஆயில். நம் ஹவுசிங்கில் பற்கள் உருள்வதோடு ஒன்றின் மேல் ஒன்று வழுக்கவும் செய்யும், அந்த அழுத்தத்தைத் தாங்கும் மருந்து அந்த ஆயிலில்தான் இருக்கிறது. அதையே கியர் பாக்ஸுக்கும் ஊற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள். பித்தளை சிங்க்ரோ வளையம் உள்ள கியர் பாக்ஸுக்கு ஜி.எல்.4 என்று கையேடு சொன்னால் அதுதான். அந்த மருந்து பித்தளையை அரிக்கக்கூடும். சத்தம் குறையட்டும் என்று கெட்டியான 140 ஊற்றுவது, விற்கப் போகிற வண்டியில் மரத்தூள் போடுவது, இதெல்லாம் வாங்குகிறவனுக்கும் அதில் ஏறுகிற குடும்பத்துக்கும் செய்கிற துரோகம். பிரீதருக்கு ஒரு ரப்பர் குழாய் மாட்டி உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டுங்கள். பாதி நாள் வேலைகூட இல்லை அது.

இத்தனையும் பார்த்த பிறகும் கிரவுன்தான் என்று தெரிந்தால் தயங்காமல் மாற்றுங்கள். ஆனால் முறையாக. கிரவுனும் பினியனும் கம்பெனியில் ஒன்றோடொன்று உரசிப் பழக்கி, ஒரே எண் பொறித்து அனுப்பப்படும் ஜோடி. பழைய பினியனோடு புதுக் கிரவுனைச் சேர்த்தால் ஊளை நிச்சயம். பட்டறை நண்பர்களே, கையால் ஆட்டிப் பார்த்து 'போதும்' என்று மூடாதீர்கள். பற்களுக்கு இடையே உள்ள பிளே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு. அதை டயல் கேஜ் இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது. பல்லில் மை தடவிச் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்த்து, இல்லையென்றால் ஷிம்மை மாற்றி மறுபடி பாருங்கள். இது பொறுமை கேட்கிற வேலை, அதற்கான கூலியைத் தயங்காமல் கேளுங்கள். பினியன் சீல் மாற்றும்போது நட்டைக் கண்மூடி முறுக்குவதும் வேண்டாம். நசுங்கும் வளையம் வைத்த புது ஹவுசிங்குகளில் ஒரு முறுக்கு கூடினால் பேரிங் இறுகிச் சூடாகும். சீலுக்கு வந்த வண்டி ஊளையோடு திரும்பிப் போகும்.

சொகுசு வண்டி ஓட்டுகிற தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. டஸ்டர், எக்ஸ்.யு.வி. 700, கிராண்ட் விட்டாரா போன்றவற்றின் ஆல் வீல் வகைகளில் லிவர் கிடையாது. தேவைப்படும்போது பின் சக்கரத்துக்குச் சக்தி கொடுக்கிற ஒரு கப்ளிங் இருக்கிறது. வண்டியைத் திருப்பும்போது பின்னால் நடுக்கமும் முனகலும் வந்தால் முதலில் டயர்களை அளங்கள், பிறகு அந்தக் கப்ளிங்கின் ஆயில். ஒரு டயர் மட்டும் புதுசாகப் போடுவது இந்த வண்டிகளுக்கு ஆகாது. வழியில் நின்றால் இரண்டு சக்கரத்தைத் தூக்கி இழுக்க விடாதீர்கள், முழு வண்டியையும் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குப் பணம் மட்டும் காரணமில்லை. கிராஸ் உடைந்து ஷாப்டின் முன்முனை கீழே விழுந்தால் அது தரையில் குத்தி வண்டியையே தூக்கிப்போடும். டூ வீலில் இறங்கிக்கொண்டிருக்கும்போது பின் ஷாப்ட் போனால் கியரின் பிடிப்பும் போகும், பழைய வண்டியில் கைப்பிரேக்கும் அதோடு போகும். கால் பிரேக் ஒன்றுதான் மிச்சம். அதுவும் சேற்றுத் தண்ணீரில் நனைந்த டிரம். பின்னால் மதுரையிலிருந்தும் கொல்லத்திலிருந்தும் வந்த பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும், சத்தம் எதைச் சொல்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். "டக்" சத்தம் கேட்டுக்கொண்டே கடைசி நடை போகலாம் என்று நினைக்கிற சாயங்காலத்தில் அந்தப் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

சீசனுக்கு முன்னால் ஒரு காரியம் செய்வோம். ஸ்டாண்டு வாரியாகச் சேர்ந்து ஒரு டயல் கேஜ், ஒரு நல்ல கிரீஸ் கன், நாலு உறுதியான ஸ்டாண்டு வாங்கிப் பொதுவில் வையுங்கள். பத்து வண்டிக்கு ஒரு செட்டு போதும். ஓடையில் ஹவுசிங் முங்கிய தேதியையும் ஆயில் மாற்றிய கிலோமீட்டரையும் டிரைவர் கதவின் உள்பக்கம் பெயின்டில் எழுதி வையுங்கள். எந்தப் பட்டறைக்குப் போனாலும் மெக்கானிக் முதலில் அதைப் படிக்கட்டும். சாரல் இறங்குவதற்கு முன் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் பட்டறையைத் திறந்தே வைத்திருப்பேன். ஆயில் பார்க்க, டயர் அளக்க, கூட உட்கார்ந்து ஒரு சுற்று ஓட்டிக் கேட்கக் கூலி வேண்டாம். வரும்போது வண்டியைக் கழுவாமல் கொண்டுவாருங்கள், அடியில் எங்கே கசிகிறது என்று அப்போதுதான் தெரியும்.

அன்புடன்,
தென்காசி – செங்கோட்டைச் சாலைப் பட்டறைக்கார அண்ணாச்சி